லைனர் போட்டும் குளிர்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்லீப்பிங் பேக் எனும் உறக்கப் பைக்குள் கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் துணி உறையான லைனர், கூடார இரவைச் சற்று இதமாக்கும் என்பது உண்மைதான். ஆனால் லைனர் தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடலில் உண்டாகும் வெப்பம் வெளியேறும் வேகத்தைத்தான் அது குறைக்கிறது. எனவே குளிரில் நடுங்கியபடியே உள்ளே நுழைபவருக்கு எத்தனை உறைகள் போட்டாலும் சூடேற நெடுநேரம் ஆகும். படுக்கப் போகும் முன் ஏதேனும் சாப்பிட்டுவிட்டு, வியர்க்காத அளவுக்குக் கை கால்களை அசைத்துவிட்டு நுழைவதே முறை.

மிகப் பரவலான தவறு, லைனரின் உறையில் அச்சிடப்பட்ட எண்ணை அப்படியே நம்பிக் கணக்குப் போடுவது. ஸ்லீப்பிங் பேக்குகளுக்கு ஐ.எஸ்.ஓ 23537 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. சூடேற்றப்பட்ட மனிதப் பொம்மைக்கு உள்ளாடை அணிவித்து, தரையில் விரிக்கும் மேட் (படுக்கை விரிப்பு) ஒன்றின் மீது கிடத்தி, ஆய்வகத்தில் அளந்த பிறகே வசதி வெப்பநிலை, கீழ் வரம்பு, அதீதக் குளிர் வரம்பு ஆகிய எண்கள் தரப்படுகின்றன. லைனரில் காணப்படும் எண்ணோ பெரும்பாலும் தயாரிப்பாளரின் சொந்த மதிப்பீடுதான். '10 டிகிரி வரை கூடுதல் வெப்பம்' என்று எழுதியிருந்தால், அதில் கவனிக்க வேண்டியது 10 அல்ல, 'வரை' என்ற சொல். வசதி வெப்பநிலை 5 டிகிரி உள்ள பையோடு அந்த லைனரைச் சேர்த்து, மைனஸ் 5 டிகிரியில் நிம்மதியாக உறங்கலாம் என்று கிளம்புவது ஆபத்தான கணக்கு. மெல்லிய பட்டு லைனரிடம் 2, 3 டிகிரிக்கு மேல் எதிர்பார்க்காமல் இருப்பது நல்லது. கம்பளி போன்ற செயற்கைத் துணியான கனமான ஃபிளீஸ் அதைவிடக் கூடுதலாக உதவும். அதீதக் குளிர் வரம்பிலிருந்து கணக்கைத் தொடங்குவது இன்னும் மோசம். அது உறங்குவதற்கான எண்ணே அல்ல, உயிர் பிழைத்திருப்பதற்கான எல்லை.

அடுத்தது இடப் பற்றாக்குறை. பையின் இறகோ செயற்கை இழையோ உப்பி நின்று காற்றைப் பிடித்து வைத்திருப்பதால்தான் வெப்பம் தங்குகிறது. உடலை ஒட்டி அமையும் குறுகிய பைக்குள் தடித்த ஃபிளீஸ் லைனரையும், அதற்குள் கனமான ஜாக்கெட்டையும் திணித்தால், உள்ளிருந்து அழுத்தம் ஏற்பட்டு அந்த உப்பல் அமுங்கிப்போகும்; அடுக்குகள் கூடியும் குளிர் குறையாது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். லைனருடன் உள்ளே படுத்து, ஜிப்பை முழுவதும் மூடி, முழங்காலை மடக்கி, முழங்கையை வெளிப்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். வெளித்துணி இறுகி, அந்த இடம் தட்டையானால் லைனர் அந்தப் பைக்குப் பொருந்தாது. மாறாக, அளவுக்கு மீறி அகலமான லைனர் புரண்டு படுக்கும்போதெல்லாம் முறுக்கிக்கொண்டு, காலடியில் சுருண்டு கிடக்கும். பையின் உட்புறத்தில் சிறு நாடா வளையங்கள் இருந்தால் லைனரை அவற்றில் கட்டிவிடலாம்.

தரைக்குப் போகும் வெப்பத்தையும் லைனர் பெரிதாகத் தடுக்காது. உடலின் எடை முதுகுக்குக் கீழே உள்ள அனைத்தையும் அழுத்திவிடுவதால், அங்கே காப்பது மேட் மட்டுமே. மேட்டின் வெப்பத்தடை ஆர்-மதிப்பாகக் குறிக்கப்படுகிறது. எண் கூடக் கூட வெப்ப இழப்பு குறையும். முதுகுப் பக்கம்தான் குளிர்கிறது என்றால், செலவழிக்க வேண்டியது மேட்டுக்கு, லைனருக்கு அல்ல.

ஈரம் தொடர்பான தவறுகள் பல. பருத்தி லைனர் வெப்பமான இரவுகளுக்கு உகந்தது. ஆனால் குளிரில் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, காயாமல் உடலைக் குளிர்விக்கும். பகலில் நடந்த உடையோடு லைனருக்குள் புகுந்தாலும் இதே கதைதான். உலர்ந்த மெல்லிய உடையும் காலுறையும் உறக்கத்துக்கெனத் தனியே இருக்க வேண்டும். மூக்கு குளிர்கிறதே என்று தலையோடு உள்ளே இழுத்து மூடிக்கொள்பவர்கள், மூச்சுக்காற்றின் ஈரம் இரவு முழுவதும் துணியில் இறங்குவதை உணர்வதில்லை. வாயும் மூக்கும் வெளியே இருக்க, தலைக்குக் குல்லாய் அணிவதே சரி. காற்று புகாத, பளபளப்பான அவசரகாலப் போர்வைப் படலத்தை லைனராகப் பயன்படுத்துவதும் தவறுதான். வியர்வை வெளியேற வழியின்றி விடியும்போது எல்லாம் நனைந்திருக்கும். உறைநிலைக்கு மிகக் கீழே பல நாள் பயணம் செய்வோர் ஆவித்தடுப்பு லைனரை வேண்டுமென்றே பயன்படுத்துவது வேறு விஷயம். இறகுக்குள் ஈரம் சேராமல் காப்பதே அதன் நோக்கம்.

எடையையும் பார்க்க வேண்டும். பட்டு லைனர் ஏறத்தாழ 150 கிராம்தான். ஃபிளீஸ் அதைப் போலப் பல மடங்கு கனக்கும். தொடர்ந்து குளிர்ப் பகுதிகளுக்குச் செல்பவர் அந்த எடையைச் சுமப்பதைவிட, வெப்பம் கூடிய பையை வாங்குவதே சிக்கனம் என்பது என் கருத்து.

கடைசியாக, பலரும் கவனிக்காத சிறு விஷயம்: லைனரின் திறப்பு இடப்புறமும் பையின் ஜிப் வலப்புறமும் அமைந்துவிட்டால், நள்ளிரவு இருட்டில் அவசரமாக எழுந்திருக்கும்போது துணிக்குள் சிக்கித் தடுமாற நேரும். வாங்கும்போதே இரண்டும் ஒரே பக்கமாகத் திறக்கின்றனவா என்று பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை வெளியே வந்து பழகிக்கொள்ளுங்கள்.