குளிக்கும் நேரத்தில் உண்ணி பாருங்கள்

செம்பனைத் தோட்டத்து ஓரம் விளையாடிவிட்டு வரும் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது, கண்ணால் பார்ப்பதோடு நிற்காமல் விரல் நுனியாலும் தடவிப் பாருங்கள். காதின் பின்புறம், தலைமுடிக்குள், அக்குள், தொப்புள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்பக்கம் எல்லாம் பார்க்க வேண்டும். எள்ளளவு உண்ணி மாநிறத் தோலில் மச்சம்போல் ஏமாற்றிவிடும், விரலுக்குத் தட்டுப்படும்.

கடித்துக்கொண்டிருந்தால், கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நிதானமாக நேர்மேலே இழுங்கள். வயிற்றை நசுக்கினாலோ, மண்ணெண்ணெய், தைலம், நெருப்பு என்று வாட்டினாலோ அதன் உமிழ்நீர் காயத்துக்குள் இறங்கக்கூடும். நோய்க்கிருமி வருவதும் அந்த வழியில்தான். தயவுசெய்து அந்தப் பழைய வைத்தியத்தை விட்டுவிடுங்கள். எடுத்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். வாய்ப்பகுதி உடைந்து தங்கி, எளிதில் வராவிட்டால் தோண்ட வேண்டாம்.

காதுத் துளைக்குள்ளோ கண்ணிமையிலோ இருந்தால் வீட்டில் கை வைக்காமல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தோலில் தடிப்போ வந்தால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.