பழைய கணினியில் ஒலி வரவில்லையா? பழுதைத் தேட வேண்டிய வரிசை

கணினியில் ஒலி நின்றுவிட்டால் பலரும் உடனே டிரைவரை, அதாவது ஒலிக்கருவியை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளை, தேடி இணையத்தில் இறங்குகிறார்கள். அதுவும் பலிக்காவிட்டால் விண்டோஸையே அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். இவை இரண்டும் கடைசியாகச் செய்ய வேண்டியவை. பழுது ஸ்பீக்கரிலா, கணினியின் உள்ளேயா, மென்பொருளிலா என்பதைப் பிரித்து அறிந்துகொண்ட பிறகு எதில் கை வைத்தாலும் அந்த உழைப்பு வீணாகாது.

முதலில் ஸ்பீக்கரின் பின்னைக் கணினியிலிருந்து உருவி, ஹெட்ஃபோன் துளை உள்ள ஒரு கைபேசியில் செருகி ஏதேனும் ஒரு பாட்டை ஓடவிடுங்கள். பாட்டு கேட்டால் ஸ்பீக்கர் நலமாக இருக்கிறது என்று பொருள். அடுத்து, நன்றாக வேலை செய்யும் ஒரு ஹெட்ஃபோனைக் கணினியின் பின்பக்கத்தில் உள்ள பச்சைத் துளையில் செருகிப் பாருங்கள். பச்சை ஸ்பீக்கருக்கும், இளஞ்சிவப்பு மைக்குக்கும், வெளிர்நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்வாங்குவதற்கும் உரியவை; 1999-ஆம் ஆண்டையொட்டி வந்த இந்த நிற ஒழுங்கையே பெரும்பாலான மதர்போர்டுகள் (கணினியின் தாய்ப்பலகைகள்) பின்பற்றுகின்றன. மேசைக்குப் பின்னால் இருட்டில் கையால் தடவிச் செருகும்போது பின் நீலத் துளைக்குள் போய்விடுவது மிகச் சாதாரணமாக நடக்கும், ஆகவே விளக்கைப் பிடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பேசினால், பின்னை விரலிடையில் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். சுழற்றும்போது ஒலி வந்து வந்து போனால், துளைக்குள் இருக்கும் உலோக நாக்கு தளர்ந்திருக்கிறது அல்லது பின்னில் அழுக்குப் படிந்திருக்கிறது. பின்னை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, சில முறை செருகி எடுத்தாலே அழுக்கு நீங்கிவிடும். ஸ்பீக்கரின் ஒலித் திருகைத் திருப்பும்போது மட்டும் கரகரப்பு எழுந்தால் குற்றம் அந்தத் திருகில்தான். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதை இரு கோடிக்கும் பலமுறை திருப்பினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பின்பக்கத் துளையில் ஒலி வந்து, பெட்டியின் முன்பக்கத் துளையில் மட்டும் வரவில்லை என்றால், உள்ளே முன்பக்கக் கேபிள் கழன்றிருக்கலாம். மின்கம்பியை முற்றிலும் பிடுங்கிய பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். கேபிள் சரியாக இருந்தும் பயனில்லை என்றால், பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்குவதற்கு முன் திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புப் பலகையில், முன்பக்க ஒலியின் வகை பழைய 'ஏசி 97' என்றும் புதிய 'ஹெச்டி ஆடியோ' என்றும் இரண்டாக இருப்பதைக் காணலாம். கேபிளின் முனையில் எழுதியிருக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். இங்கே எளிதில் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஏசி 97 காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் பின்பக்க ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியே முன்பக்க இணைப்பு வழியாகச் சுற்றித்தான் வரும். அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டு, 5-6, 9-10 ஆகிய ஊசிகளை ஜம்பர்கள் என்னும் சிறு மூடிகளால் இணைக்காமல் விட்டால், எல்லாம் சரியாக இருந்தும் பின்பக்கம் ஊமையாகிவிடும்.

இனி மென்பொருளுக்கு வருவோம். விண்டோஸ் எக்ஸ்பியில் மணிக்கூட்டின் அருகே உள்ள ஸ்பீக்கர் படத்தை இருமுறை சொடுக்கினால் திறக்கும் பலகையில், முதன்மை ஒலியளவு உயரமாக இருந்தாலும் 'வேவ்' என்னும் சறுக்கி கீழே கிடந்தால் பாட்டு கேட்காது. விண்டோஸ் 7-இல் அதே படத்தை வலச்சொடுக்கி 'பிளேபேக் டிவைசஸ்' பட்டியலைத் திறந்து, பச்சைக் குறி எதன்மேல் இருக்கிறது என்று பாருங்கள். ஹெச்டிஎம்ஐ உள்ள கிராஃபிக்ஸ் கார்டைப் பொருத்திய பிறகு ஒலி காணாமல் போயிருந்தால், விண்டோஸ் அதை ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்கு அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும். 'ஸ்பீக்கர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து 'செட் டிஃபால்ட்' கொடுத்தால் போதும்.

ஒலிக்கருவியே பட்டியலில் இல்லை என்றால் விண்டோஸில் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் குறியோ வேறு குறியோ இட்டிருக்கும் வரியின் பிழை எண்ணைப் படியுங்கள். எண் 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. எண் 22 என்றால் கருவி முடக்கப்பட்டிருக்கிறது, வலச்சொடுக்கி 'எனேபிள்' கொடுத்தால் தீர்ந்தது. ஒலிக்கருவியின் வரியே எங்கும் தென்படாவிட்டால் பயாஸில் அது அணைக்கப்பட்டிருக்கலாம். தேதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுக்குத் திரும்புகின்றனவா என்பதையும் கவனியுங்கள், ஏனெனில் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்னும் 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டால் பயாஸில் செய்த அமைப்புகள் யாவும் அழிந்துவிடும்.

டிரைவர் தேவைப்படும்போது 'எல்லா டிரைவரும் ஒரே சொடுக்கில்' என்று விளம்பரம் செய்யும் நிரல்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் பல, வேண்டாத சரக்கையும் சேர்த்தே இறக்கிவைக்கின்றன. கருவியின் 'பிராப்பர்ட்டீஸ்' பலகையில் 'ஹார்டுவேர் ஐடி' என்ற வரியைப் பாருங்கள். அதில் 'வென்' என்ற சொல்லுக்குப் பின் 10இசி என்று இருந்தால் சில்லு ரியல்டெக் நிறுவனத்தினுடையது, 1106 என்றால் வியா நிறுவனத்தினுடையது. அதைக் கொண்டு மதர்போர்டு தயாரித்தவரின் தளத்தில் தேடுவதே பாதுகாப்பான வழி. டிரைவர் சரியாக இருந்தும் ஒலி இல்லையெனில், 'சர்வீசஸ்' பட்டியலில் 'விண்டோஸ் ஆடியோ' ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒலி வருகிறது, ஆனால் திக்கித் திணறி வருகிறது என்பது வேறு வகை நோய். எக்ஸ்பி கணினிகளில் இதற்குக் காரணம் பல வேளைகளில் ஒலிக் கருவியாக இருப்பதில்லை, ஹார்ட் டிஸ்காக இருக்கும். டிஸ்கைப் படிக்கும்போது பிழைகள் மீண்டும் மீண்டும் நேர்ந்தால், எக்ஸ்பி அதை வேகமான டிஎம்ஏ முறையிலிருந்து மெதுவான பிஐஓ முறைக்குத் தானாக இறக்கிவிடும். அதன்பின் டிஸ்கைப் படிக்கும் வேலை முழுவதையும் பிராசஸரே சுமப்பதால் பாட்டு அறுந்து அறுந்து விழும். டிவைஸ் மேனேஜரில் 'பிரைமரி ஐடிஇ சேனல்' என்பதன் 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' பக்கத்தில் 'கரண்ட் டிரான்ஸ்ஃபர் மோடு' என்ற இடத்தில் பிஐஓ என்று இருந்தால், அந்தச் சேனலை 'அன்இன்ஸ்டால்' செய்து கணினியை மறுபடி இயக்குங்கள். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவுக்குத் திரும்பும். சில நாட்களில் மீண்டும் பிஐஓவுக்கே இறங்கினால் கேபிளோ டிஸ்கோ சாகும் தறுவாயில் இருக்கிறது. அப்போது முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைப்பதுதான் முதல் வேலை; பாட்டு பிறகு.

ஓயாத ரீங்காரம் கேட்டால், ஸ்பீக்கருக்கு மின்சாரம் இருக்கும்போதே பின்னை மட்டும் கணினியிலிருந்து உருவுங்கள். அப்போதும் ரீங்காரம் நிற்கவில்லை என்றால் ஸ்பீக்கரின் மின்பகுதி பழுதாகியிருக்க வாய்ப்புண்டு. நின்றுவிட்டால், கணினியையும் ஸ்பீக்கரையும் ஒரே மின்பலகையில் செருகிப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு இடத்தில் மின்சாரம் பெறும்போது நிலமின்னிணைப்பின் (எர்த்) வழியே ஒரு வளையம் ஏற்பட்டு இவ்வாறு ஒலிப்பதுண்டு.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடாவிட்டால், விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமாகிய லினக்ஸில், யுஎஸ்பியிலிருந்து நேரடியாக இயங்கும் ஒன்றைக் கொண்டு கணினியை இயக்குங்கள். அது டிஸ்கில் எதையும் நிறுவாமலே ஓடும். அங்கே ஒலியளவைக் கட்டுப்படுத்தும் 'ஆல்சாமிக்ஸர்' என்ற நிரலைத் திறந்து, தூண்களின் அடியில் 'எம்எம்' என்று தெரிந்தால் எம் விசையை அழுத்தி ஊமை நிலையை நீக்குங்கள். லினக்ஸில் ஒலி கேட்டால் பழுது விண்டோஸின் பக்கம் என்று உறுதியாகிவிடுகிறது, மறுபடி நிறுவுவதற்கும் அப்போதுதான் நியாயம் பிறக்கிறது. அங்கும் கேட்காவிட்டால் மதர்போர்டில் உள்ள ஒலிச் சில்லையே சந்தேகிக்க வேண்டும். அதைப் பழுதுபார்க்க முயல்வதைவிட சிறிய யுஎஸ்பி ஒலி அடாப்டர் ஒன்றைச் செருகிவிடுவது மேல். எக்ஸ்பியும் அதற்குப் பிந்தைய விண்டோஸ்களும் சாதாரண வகை அடாப்டர்களைத் தனி டிரைவர் இல்லாமலே அடையாளம் கண்டுகொள்ளும். அதைப் பொருத்திய பிறகு பழைய ஒலிச் சில்லைப் பயாஸில் அணைத்து வைத்தால், விண்டோஸ் மறுபடியும் அந்தப் பழையதையே தேர்ந்தெடுத்துக் குழப்பாது.