பெர்-சிபியு மாறிகள்: எச்சரிக்கையின் வாயை அடைக்காதீர்கள்

கெர்னல் டிரைவர் எழுத வரும் புதியவர்களின் பேட்ச்களை (அவர்கள் அனுப்பும் குறிநிரல் மாற்றங்களை)த் தொடர்ந்து படித்து வருகிறேன். பெர்-சிபியு மாறி வரும் இடங்களில், ஒரு காலத்தில் நான் செய்த அதே தவறுகளைத்தான் அவர்களும் செய்கிறார்கள். மாறியை எடுக்கும் 'கெட்' போட்டுவிட்டு, விடுவிக்கும் 'புட்' போட மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை ஓட்டிப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

அடிப்படை இதுதான்: லினக்ஸ் கெர்னலில் 'டிஃபைன்_பெர்_சிபியு' என்று ஒரு மாறியை அறிவித்தால், ஒவ்வொரு சிபியுவுக்கும் அதன் தனிப் பிரதி கிடைக்கும். லாக் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடும்படி பூட்டுவது) தேவையில்லை, ஒரே கேஷ் லைனுக்காகக் கோர்கள் முட்டிக்கொள்வதும் இல்லை.

## 'ரா_' போட்டு எச்சரிக்கையை அடக்குவது

ஒரு நெட்வொர்க் டிரைவரில் ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒரு காலி பஃபர் பட்டியல் வைத்திருந்தேன். 'எஸ்எம்பி_ப்ராசஸர்_ஐடி' அழைத்து எண்ணை வாங்கு, அந்த எண்ணுக்குரிய பட்டியலுக்குப் பாயிண்டர் எடு, தலையில் இருக்கும் பஃபரை உருவு. மூன்றே வரி. டீபக் கெர்னலில் ஏற்றியதும் லாகில் எச்சரிக்கை கொட்டியது: ப்ரீஎம்ப்ட் ஆகக்கூடிய (ஓடும் த்ரெட்டை ஷெட்யூலர் நடுவில் நிறுத்தக்கூடிய) இடத்தில் சிபியு எண்ணைக் கேட்கிறாய் என்று. தேடிப் பார்த்தேன். பெயருக்கு முன்னால் 'ரா_' சேர்த்தால் எச்சரிக்கை வராது என்று தெரிந்தது. சேர்த்தேன், நின்றுவிட்டது. சரி, முடிந்தது என்று அனுப்பிவிட்டேன்.

உள்ளே நடந்தது இது. என் த்ரெட் சிபியு 2-இல் ஓடுகிறது. 2-இன் பட்டியலுக்குப் பாயிண்டர் எடுத்து, தலையில் இருக்கும் பஃபரின் முகவரியையும் படித்தாயிற்று. அந்த இடத்தில் ஷெட்யூலர் அதை நிறுத்தி, அப்புறம் சிபியு 5-இல் எழுப்புகிறது. ஓடும் இடம்தான் மாறியது. ரெஜிஸ்டரில் இருப்பது இன்னும் 2-இன் பாயிண்டர். இதற்குள் 2-இல் வேறொரு த்ரெட் வந்து அதே பஃபரை உருவிக்கொண்டு போயிருக்கிறது. என் த்ரெட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து அதையே எடுக்கிறது. ஒரு பஃபர், இரண்டு சொந்தக்காரர்கள்.

என் மேசையில் இருந்த போர்டில் இது ஒருமுறைகூட வரவில்லை. சுமை ஏறிய இடத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, ஒரு பாக்கெட்டின் நடுவில் இன்னொரு பாக்கெட்டின் பைட்டுகள். டிஎம்ஏவை (சாதனம் சிபியு வழியாக வராமல் மெமரியில் நேராக எழுதுவதை)ச் சந்தேகப்பட்டோம், மெமரியைச் சந்தேகப்பட்டோம், போர்டையே மாற்றினோம். கிட்டத்தட்ட மூன்று வாரம் போனது. கெர்னல் முதல் நாளே சரியான வரியைக் காட்டிச் சொன்னதை நானே அடக்கி வைத்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. போன மாதம் வந்த ஒரு பேட்சிலும் அதே 'ரா_'.

எம்ஐடியில் பாடத்துக்காக எழுதிய எக்ஸ்வி6 கெர்னலின் எக்ஸ்86 பதிப்பில், இன்டரப்ட் (சாதனங்கள் சிபியுவை இடைமறிக்கும் அழைப்பு) திறந்திருக்கும்போது, எந்த சிபியுவில் ஓடுகிறோம் என்று சொல்லும் 'மைசிபியு'வை அழைத்தால் பேனிக் ஆகி அங்கேயே நின்றுவிடும். லினக்ஸ் எச்சரித்துவிட்டு மேலே ஓடுகிறது. அதனால்தான் அதை அடக்கிவிட்டுப் போகத் தோன்றுகிறது.

செய்ய வேண்டியது என்ன? வெறும் எண்ணிக்கை என்றால் 'திஸ்_சிபியு_இன்க்' போதும். எக்ஸ்86-64-இல் அது ஜிஎஸ் செக்மென்ட் (அந்தந்த சிபியுவின் பகுதியைக் காட்டும் ரெஜிஸ்டர்) வழியாக ஒரே கட்டளையாகிவிடும். ஷெட்யூலர் அதற்கு முன்னால் நுழையலாம், பின்னால் நுழையலாம், நடுவில் முடியாது. பல படிகள் உள்ள வேலை என்றால் 'கெட்_சிபியு_பிடிஆர்', 'புட்_சிபியு_பிடிஆர்' இரண்டுக்கும் நடுவில் வைத்துச் செய்யுங்கள். அந்த நேரம் முழுக்க ப்ரீஎம்ப்ஷன் நின்றிருக்கும். 'ரா_'வுக்கும் நியாயமான இடம் உண்டு: எந்த க்யூவில் போடலாம் என்று தோராயமாகத் தேர்ந்தெடுப்பது போல, எண் தவறினாலும் கெடுதல் இல்லாத இடம். அங்கே ஏன் கெடுதல் இல்லை என்று கமெண்ட்டில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அது அந்த இடம் இல்லை.

## இன்டரப்ட்டை மறப்பது

ப்ரீஎம்ப்ஷனை நிறுத்தினால் இன்னொரு த்ரெட் வராது, ஆனால் இன்டரப்ட் வரும். பட்டியலை நீங்கள் பாதி மாற்றியிருக்கும்போது, அதே சிபியுவில். அந்த இன்டரப்ட்டைக் கவனிக்கும் ஹேண்ட்லரும் அதே மாறியைத் தொடுமானால், அந்த சிபியுவில் இன்டரப்ட்டை நிறுத்தி வைக்கும் 'லோக்கல்_ஐஆர்கியூ_சேவ்' போட்டே ஆக வேண்டும்.

## கெட்டுக்கும் புட்டுக்கும் நடுவில் தூங்குவது

கூடாது. ஜிஎஃப்பி_கெர்னல் போட்டு, மெமரி கேட்கும் கேமல்லாக்கை அழைப்பதும் இதில் சேர்த்தி; அது தூங்கக்கூடும்.

## ஸ்பின்லாக் பிடித்திருக்கிறேனே என்பது

சாதாரண கெர்னலில் ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை தூங்காமல் சுற்றிக் காத்திருக்கும் லாக்) பிடித்தால் ப்ரீஎம்ப்ஷன் நிற்கும். ரியல்டைம் கெர்னலில் நிற்காது: உங்கள் த்ரெட் வேறு சிபியுவுக்குப் போகாது, அவ்வளவுதான். முன்னுரிமை அதிகமுள்ள இன்னொரு த்ரெட் அதே சிபியுவில் நுழைந்து, அந்த லாக்கைப் பிடிக்காமலே உங்கள் மாறியைத் தொடலாம். 2024-இல் 6.12 பதிப்போடு ரியல்டைம் வசதி மெயின்லைனுக்கே (அதிகாரபூர்வ லினக்ஸ் கெர்னலுக்கே) வந்துவிட்டதால், எனக்கு வேண்டாம் என்று ஒதுக்கவும் முடியாது. 5.8-இலிருந்து இருக்கும் 'லோக்கல்_லாக்' இதற்காகவே வந்தது.

## ஆன்லைன் சிபியுக்களை மட்டும் கூட்டுவது

ஒரு சிபியுவை அணைத்தாலும் அதன் பிரதி மெமரியில் அப்படியே இருக்கும், அதில் ஏறிய எண்ணிக்கையும் இருக்கும். ஆன்லைனில் உள்ளவற்றை மட்டும் கூட்டினால், மேலே மட்டுமே போக வேண்டிய கவுண்டர் திடீரென்று இறங்கும். 'ஃபார்_ஈச்_பாஸிபிள்_சிபியு' போட்டுக் கூட்டுங்கள். ஒரு சிபியுவில் கூட்டியதை இன்னொன்றில் கழிக்கும் கவுண்டர் என்றால், தனித்தனியாகப் பார்க்கும்போது சிலவற்றில் மைனஸ் தெரியும். அது பிழை இல்லை.