சுவருக்குள் கிடக்கும் பழைய பிளேடுகளை எடுப்பது எப்படி

நியூஜெர்சியில் நாங்கள் வாங்கியது 1953-ல் கட்டிய வீடு. குளியலறைக் கண்ணாடி அலமாரியும் அந்தக் காலத்துச் சாமான்தான். வெள்ளை எனாமல் பூசிய இரும்புப் பெட்டி, சுவருக்குள் பதித்தது. அதன் பின்தகட்டில் இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு மெல்லிய வெட்டு. காற்றுப் போக்குக்காக வைத்திருப்பார்கள் என்று நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன கோடையில் வாஷ்பேசின் குழாய் ஒழுகியது. குழாய் பார்க்க வந்தவர் சுவரை அறுத்துக் கையை உள்ளே விட்டார். விட்ட வேகத்தில் இழுத்தார். நடுவிரல் நுனி பிளந்து ரத்தம் கொட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் சுவருக்குள்ளே பிளேடுகள், குவியலாக.

அமெரிக்காவில் பழைய வீடு வாங்கியிருக்கிறவர்கள் இன்றைக்கே அலமாரியைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஜில்லெட் 1903-ல் தூக்கிப்போடும் பிளேடை விற்க ஆரம்பித்த பிறகுதான், தேய்ந்த பிளேடை எங்கே போடுவது என்ற கேள்வியே வீடுகளுக்குள் வந்தது. அதற்கு முன் இருந்த மடக்குச் சவரக்கத்தியைத் தீட்டித் தீட்டி வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். அலமாரி செய்தவர்கள் கண்ட வழி இந்தத் துளை. பிளேடைச் செருகினால் அது சுவரின் இரண்டு மரக்கால்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் விழும். அடியில் பெட்டியெல்லாம் கிடையாது. சுவர்தான் குப்பைத்தொட்டி.

சுவர் நிரம்பிவிடாதா என்று எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மரக்கால்களுக்கு நடுவே பதினான்கரை அங்குல அகலம், மூன்றரை அங்குல ஆழம். ஒரு பிளேடின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. வாரம் ஒன்று வீதம் முப்பது வருடம் போட்டாலும் ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்தான். கன்னாபின்னாவென்று விழுந்து கிடந்தாலும் இரண்டு மூன்று அங்குல உயரம் வரும், அவ்வளவே. அதனால்தான் யாருக்கும் அது ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. போட்டவர் கையில் கீறல்கூட விழுவதில்லை. நாற்பது வருடம் கழித்து வேறு யாரோ ஒரு வேலைக்காரர் கையில் விழுகிறது. எனக்கு மனசு பொறுக்காமல் போனது அதுதான்.

சரி, என்ன செய்வது? சுவரை உடைக்கும் வேலை எதுவும் இல்லையென்றால் பிளேடுகளைத் தொடாதீர்கள். அவை அங்கேயே கிடந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. துளையை மட்டும் அலுமினிய டேப்பால் உள்பக்கமாக ஒட்டி மூடிவிடுங்கள்.

எடுத்தே ஆகவேண்டும் என்றால் முதலில் குவியல் எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டும். பெரும்பாலும் தரைமட்டத்தில், சுவரின் அடிக்கட்டை மேல் இருக்கும். சில வீடுகளில் நடுவில் ஒரு குறுக்குக்கட்டை அடித்திருப்பார்கள், அப்படியானால் குவியல் பாதி உயரத்திலேயே நின்றுவிடும். இன்னும் பழைய, 1930-க்கு முந்தைய வீடுகள் சிலவற்றில் சுவரின் வெற்றிடம் மாடியிலிருந்து நிலவறை வரைக்கும் தடையில்லாமல் இறங்கும். அங்கே மாடிக் குளியலறையில் போட்ட பிளேடு நிலவறைச் சுவரோரம் கிடக்கலாம். துளையில் நுழையும் அளவுக்கு மெல்லிய, போனில் மாட்டும் குழாய் கேமரா கிடைத்தால் உள்ளே விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

1978-க்கு முந்தைய வீடு என்றால் பெயின்டில் ஈயம் இருக்கலாம், சுவர்ப் பூச்சில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். அறுப்பதற்கு முன் ஒரு துண்டைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தப் பக்கத்துக்குப் போகும் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள்.

குளியலறைப் பக்கம் டைல்ஸ் இருந்தால் பின்புற அறையிலிருந்து அறுப்பது நல்லது. நாங்கள் படுக்கையறை அலமாரிக்குள்ளிருந்து அறுத்தோம். ஒட்டுப்போட்டது இப்போது யார் கண்ணிலும் படாது. ஒன்று முக்கியம்: தரையோடு சேர்த்து அறுக்காதீர்கள். அறுத்த உடனே குவியல் சரிந்து காலில் கொட்டும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஜன்னல் போல அறுத்து, மேலிருந்து எடுங்கள். நம் வீடுகளில் செருப்பில்லாமல் நடப்பது வழக்கம், அன்றைக்கு மட்டும் வேண்டாம். கனமான ஷூ, வெட்டுத்தாங்கும் கையுறை, முகக்கவசம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. குழந்தைகளை வெளியே அனுப்பிவிடுங்கள். கீழே துணி விரிக்காதீர்கள், பிளேடு அதில் மாட்டிக்கொள்ளும். அட்டை போடுங்கள்.

எடுக்க வேண்டியது காந்தத்தால். துருப்பிடிக்காத பிளேடும் காந்தத்தில் ஒட்டும், அந்தச் சந்தேகம் வேண்டாம். நீளும் கைப்பிடி உள்ள காந்தத்துக்கு மேல் கெட்டியான பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டேன். உள்ளே விட்டால் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். டின்னின் வாய்க்கு நேராகப் பிடித்து, பைக்குள்ளிருந்து காந்தத்தை மேலே உருவினால் சலசலவென்று உதிரும். விரல் எங்கேயும் படவேண்டியதில்லை. வேக்யூம் கிளீனர் கூடாது, பிளேடு குழாயில் குறுக்கே மாட்டிக்கொள்ளும், பிறகு அதைப் பிடுங்குவது இன்னொரு ஆபத்து.

மேலே கிடந்தவை டார்ச் வெளிச்சத்தில் புதுசு போல் மின்னின. கீழே போகப் போக நிறம் பழுப்பானது. அடியில் இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டி, மண்கட்டி மாதிரி கையளவு பாளமாக வந்தன. துருப்பிடிக்காத பிளேடு பரவலானது 1960-களில்தான், அதற்கு முந்தையவை வெறும் கார்பன் எஃகு. குவியலின் உச்சியில் ஒரு பிளேடில் 'டோபாஸ்' என்று எழுத்து, நம் ஊர் பிளேடு. எனக்குப் புரியவே ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு வருடம் முன்பு அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து ஆறு மாதம் இருந்தார். போன் செய்து கேட்டேன். "ஆமாம்மா, அதுக்குத்தானே அந்த ஓட்டை? குப்பையில போட்டா யாரோ கையைக் கிழிச்சுக்குவாங்கல்ல" என்றார். ஊரில் பழைய பிளேடைக் காகிதத்தில் நாலு மடிப்பு மடித்துத்தான் போடுவார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அப்பாவிடம் அந்த விரலைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எடுத்த பிளேடுகளை இரும்பு டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி அகலமான டேப் ஒட்டி, "பிளேடு, திறக்காதீர்கள்" என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதுங்கள். மறுசுழற்சித் தொட்டியில் போடவேண்டாம். மறுசுழற்சி நிலையத்தில் ஓடும் பட்டையின் இரு பக்கமும் நின்று மனிதர்கள் கையால் பிரிக்கிறார்கள். பழைய இரும்புக் கடை எடுத்துக்கொள்ளுமா, மூடிய டின்னை வீட்டுக் குப்பையில் போடலாமா என்று உங்கள் ஊர் நிர்வாகத்திடம் ஒருமுறை கேளுங்கள், ஊருக்கு ஊர் விதி வேறு.

யாருக்காவது கீறினால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். அழுக்கான காயத்துக்கு, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி போடச் சொல்வார்கள். குழாய்க்காரரை நானே காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

இனிமேல் தேயும் பிளேடுகளுக்குத் தேங்காய்ப்பால் டின் போதும். டின்னைத் திறக்காமல், மேல்தகட்டில் உளியால் ஒரு மெல்லிய வெட்டுப் போட்டுப் பாலைக் குழம்புக்கு ஊற்றிக்கொள்ளுங்கள். வெந்நீரை ஊற்றிக் குலுக்கி நாலைந்து தடவை கழுவுங்கள், இல்லாவிட்டால் நாறும். வெயிலில் காயவைத்தால் உண்டியல் தயார். வாரம் ஒரு பிளேடு என்றால் பத்து வருடத்துக்கு மேல் தாங்கும். அப்பா அடுத்த முறை வருவதற்கு ஒன்று செய்து வைத்திருக்கிறேன்.

மாடிக் குளியலறையிலும் அதே அலமாரி, அதே துளை. அங்கே சுவரைத் தொடவில்லை. டேப் ஒட்டி, அதன் மேல் அழியாத மார்க்கரால் "இந்தச் சுவருக்குள் பிளேடுகள் உள்ளன, கையை உள்ளே விடாதீர்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதி, தேதியும் போட்டிருக்கிறேன். வீட்டுப் பத்திரம் இருக்கும் ஃபைலிலும் அதே வரி இருக்கிறது.