டிப்பரில் எத்தனை யூனிட் ஏற்றலாம்? ஆர்.சி.யை வைத்துக் கணக்குப் போடும் முறை

எம்.சாண்ட், ஜல்லி, நெல் மூட்டை என்று லோடு அடிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக, எங்கள் ஆறு சக்கர டிப்பருக்கு நான் போட்டுவைத்திருக்கும் கணக்கை அப்படியே தருகிறேன்.

முதலில் ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், மொத்த எடையை (வண்டியும் சரக்கும் சேர்ந்து) பாருங்கள். காலி எடையும் அதிலேயே இருக்கும், ஆனாலும் டீசல் நிரப்பி, ஜாக்கி, தார்ப்பாய், ஓட்டுநரோடு ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பதே நல்லது. மொத்தம் 18,500 கிலோ, காலி வண்டி 6,500 என்றால் ஏற்றக்கூடியது 12,000 கிலோ.

“2018-ல் வரம்பு உயர்ந்ததே, பழைய வண்டிக்கும் உண்டா?” என்று பலர் கேட்டிருந்தீர்கள். நம் ஆறு சக்கர வண்டி போன்ற இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்னாக இருந்தது 18.5 டன் ஆனது உண்மை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-வது பிரிவு ஆர்.சி.யில் உள்ள எடையைத் தாண்டக் கூடாது என்கிறது. அதில் 16,200 என்று இருந்தால் உங்களுக்கு அதுதான் கணக்கு.

அடுத்தது யூனிட். 100 கன அடி ஒரு யூனிட். காய்ந்த மணல் யூனிட்டுக்கு ஏறக்குறைய நாலரை டன் வரும். மூன்று யூனிட் பதின்மூன்றரை டன், அதாவது நம் வண்டிக்கு ஒன்றரை டன் அதிகம். தண்ணீர் சொட்டச் சொட்ட ஏற்றினால் ஒரு யூனிட்டே 5 டன்னைத் தாண்டும். அதனால் யூனிட் கணக்கில் லோடு பேசாதீர்கள், டன்னில் பேசுங்கள்.

எனக்குப் பிடிபட நாளானது அச்சு எடை, அதாவது முன் அச்சிலும் பின் அச்சிலும் தனித்தனியாக இறங்கும் எடை. மொத்தம் சரியாக இருந்தும் சிக்கல் வரலாம். நான்கு டயர் உள்ள பின் அச்சுக்கு வரம்பு 11.5 டன். 18.5 டன் வண்டியில் முன் அச்சில் 6 டன்தான் இறங்கியிருந்தால் பின்னால் 12.5 டன் நிற்கிறது. பார்ப்பது எளிது: முழு வண்டியை எடை போட்ட பிறகு, முன் சக்கரங்களை மேடையைத் தாண்டி இறக்கிவிட்டு, பின் அச்சை மட்டும் போடுங்கள். வண்டி சமதளத்தில், பிரேக் பிடிக்காமல் நிற்க வேண்டும். பின்னால் கூடியிருந்தால் சரக்கை கேபின் பக்கம் தள்ளி நிரப்பச் சொல்லுங்கள். முத்திரையிட்ட எடைமேடைச் சீட்டு போதும்.

அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. இரண்டு டன் அதிகம் என்றால் 24,000. சரக்கை இறக்கும் செலவும் நம்முடையது. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் சொன்னவரும் பொறுப்பு. எடை போட மறுத்து வண்டியை நிறுத்தாமல் போனால் 40,000.

பின்சேர்க்கை: நெல் ஏற்றுபவர்கள் கேட்டதால் இது. கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ, 300 மூட்டைக்கு 12,000 கிலோ சரியாக வருகிறதே என்று நினைக்காதீர்கள். சணல் சாக்கு ஒன்று அரை கிலோவுக்கு மேல் இருக்கும். 300 சாக்கு என்றால் 150 கிலோவைத் தாண்டும். அதனால் நான்கைந்து மூட்டை குறைத்தே ஏற்றுங்கள்.