பழைய நெல் மில்லை மாற்றுவதா, ஓட்டுவதா: கணக்கில் விடும் பிழைகள்

"போன வருடம்தானே மோட்டருக்கு ஒன்றரை இலட்சம் போட்டது, இப்போது எப்படி விற்கிறது?" அம்பாறை மாவட்டத்தில் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் மில்லை மாற்றத் தயங்குபவர்கள் பலர் சொல்லும் காரணம் இது. மெஷினை வைத்திருந்தாலும் விற்றாலும் அந்தக் காசு போனது போனதுதான். கணக்கில் வர வேண்டியவை இரண்டே: இனிமேல் போகப்போகும் காசு, இன்றைக்கு விற்றால் கிடைக்கும் விலை.

புது மெஷினின் முழு விலையைப் பழையதன் ஒரு வருடப் பழுதுச் செலவோடு ஒப்பிடுவதும் பிழை. விலையை வருடக் கணக்காக உடைக்க வேண்டும். கணக்குப் பழக ஓர் உதாரணம். விலை 18 இலட்சம், 10 வருடம் ஓடும், கடைசியில் 3 இலட்சத்துக்குப் போகும் என்று வையுங்கள். வருடத் தேய்வு 150,000. முடங்கிக் கிடக்கும் சராசரி முதல் 10.5 இலட்சம் (18-ஐயும் 3-ஐயும் கூட்டியதில் பாதி), அதற்கு வட்டி 15 வீதம் என்றால் 157,500. மொத்தம் 307,500. சொந்தக் காசென்றாலும் வட்டியைப் போட வேண்டும், வங்கியில் கிடந்தால் அது உழைத்திருக்கும்.

பழையதற்கும் இதே கணக்குத்தான். இன்றைய விலை 4 இலட்சம், அடுத்த வருடம் 320,000 என்றால் இழப்பு 80,000. வட்டி 60,000. புதியதைவிடக் கூடுதலாகப் போகும் பழுது 120,000. கூடுதல் மின்சாரம் 48,000. மொத்தம் 308,000. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே.

அந்த 48,000 எப்படி வந்தது? 15 குதிரைவலு மோட்டர் முழுப் பாரத்தில் தருவது 11 கிலோவாட். பலமுறை ரீவைண்ட் செய்து (கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றி) திறன் 82 வீதத்துக்கு இறங்கியது 13.41 கிலோவாட் இழுக்கும். 91 வீதத் திறனுள்ள புதியது 12.09. வருடத்தில் 1,200 மணித்தியாலம் ஓடினால் வித்தியாசம் சுமார் 1,600 யூனிட். யூனிட் 30 ரூபா என்று போட்டிருக்கிறது. உங்கள் பட்டியலில் உள்ளதைப் போடுங்கள். மோட்டரை மட்டும் மாற்றினாலே இந்தச் செலவு போய்விடும். அதற்காக முழு மில்லையும் மாற்றத் தேவையில்லை.

முடிவைத் திருப்புவது அரிசிதான். பழைய வகையான இரும்பு ஹலரில் உமி நீக்குவதும் தீட்டுவதும் ஒரே இடத்தில் நடப்பதால் அரிசி நொறுங்கி, உமியோடு கலந்த தவிட்டில் போகிறது. புது வகையான ரப்பர் ரோல் மெஷினில் இரண்டு ரப்பர் உருளைகள் எதிரெதிராக, வேறு வேறு வேகத்தில் சுழன்று உமியை உரித்தெடுக்கின்றன. 100 கிலோ நெல்லுக்கு 4 கிலோ அரிசி கூடினால் 50 தொன்னுக்கு 2,000 கிலோ.

அந்த 2,000 கிலோ யாருக்கு? கூலிக்குக் குத்தும் நெல்லென்றால் நெல்லுக்காரருக்கு. மில்லுக்கு வருவது வழமையான கூலிதான். நெல்லை வாங்கிக் குத்தி விற்பவருக்கே அது முழு வரவு. இதைப் பிரிக்காமல் கணக்குப் போட்டு லீசிங் எடுப்பதுதான் மிகவும் ஆபத்தான பிழை. கூடுதல் அரிசியைப் பார்த்துப் புது ஆட்கள் வருவார்கள் என்றால், வரும் மூடைகளின் கூலியை மட்டும் சேருங்கள்.

விற்பவர் சொல்லும் வீதத்தையும் அப்படியே எடுக்கக்கூடாது. 14 வீத ஈரப்பதனில் உள்ள 200 கிலோ நெல்லை நன்றாகக் கலந்து இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்கை உங்கள் மில்லிலும், மற்றதை நீங்கள் வாங்க நினைக்கும் வகை மெஷின் ஓடும் மில்லிலும் குத்தி, முழு அரிசி, குறுணல், தவிடு மூன்றையும் வேறாக நிறுங்கள். கடும் வெயிலில் வேகமாகக் காய்ந்து வெடித்த நெல், அவிக்காமல் பச்சையாகக் குத்தினால் எந்த மெஷினிலும் உடையும். உங்களுடையதும் ரப்பர் ரோல் என்றால், தேய்ந்த ரோலோடு சோதிக்க வேண்டாம். வேகமாகச் சுழலும் ரோல் முந்தித் தேயும். இரண்டையும் இடம் மாற்றிப் போடாமல் விட்டிருந்தால், பிழை மெஷினில் இல்லை.

மில் நின்ற நாளையெல்லாம் ஒரே விலைக்கு எண்ணுவதும் சரியல்ல. பெரும்போக வேளாண்மை வெட்டு நடக்கும் பெப்ரவரி, மார்ச்சில் பெயாரிங் போய் நிற்கும் ஒரு நாளும், நவம்பர் மழையில் நிற்கும் ஒரு நாளும் ஒன்றல்ல. கொப்பியில் இரண்டு நிரல் கீறுங்கள்: காத்திருந்து பிறகு குத்தியவர்கள், பக்கத்து மில்லுக்குப் போனவர்கள். இரண்டாவது நிரலின் கூலி மட்டுமே நட்டம். மாற்றுவதென்று முடிவானால் புது மெஷினை டிசம்பருக்குள் பூட்டி, கையிருப்பு நெல்லில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.