லேப் கருவிக்கு யுபிஎஸ்: கேவிஏ கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

யுபிஎஸ் வாங்கக் கிளம்புகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை கேவிஏ போடலாம்?" என்றுதான் (கேவிஏ என்பது யுபிஎஸ் எவ்வளவு லோடு தாங்கும் என்பதன் அளவு, ஒரு கேவிஏ என்றால் 1000 விஏ). அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. முதலில் ஒரு பேப்பரோடு லேபைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு கருவி முன்னாலும் நின்று, இப்போது கரண்ட் போனால் ஒரு நொடியில் என்ன கெடும், பத்து நிமிடத்தில் என்ன கெடும், ஐந்து மணி நேரத்தில் என்ன கெடும் என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள்.

எழுதி முடித்தால், விலை அதிகமான கருவிக்கெல்லாம் யுபிஎஸ் வேண்டும் என்ற நினைப்பு கலைந்துவிடும். சென்ட்ரிஃபியூஜ் என்ன விலை! ஆனால் கரண்ட் போனால் அது பாட்டுக்கு வேகம் குறைந்து நிற்கும், மூடி பூட்டியே இருக்கும், பெரும்பாலான சாம்பிளைத் திரும்பச் சுழற்றிக்கொள்ளலாம். டிஎன்ஏவைச் சூடாக்கிக் குளிர்வித்துச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கும் பிசிஆர் மெஷின் அப்படியில்லை, ஒரு நொடி அணைந்தாலும் ஓடிக்கொண்டிருந்த ரன் சந்தேகத்துக்குரியதுதான். மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பம்ப் நின்று வேக்குவம் (உள்ளே இருக்கும் வெற்றிடம்) போய்விட்டால், மறுபடி இழுத்து நிலைக்குக் கொண்டுவரவே பல மணி நேரம் ஆகும். இவை முதல் கட்டம். மைனஸ் 80 ஃப்ரீசர் மூன்றாவது கட்டம். நிறைய பெட்டி அடைத்த ஃப்ரீசர், கதவைத் திறக்காத வரை, மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதற்கு வேண்டியது ஜெனரேட்டரும், தனி பேட்டரியில் ஓடுகிற வெப்பநிலை அலாரமும்.

ஃப்ரீசரை யுபிஎஸ்ஸில் மாட்டினால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ரியல்டைம் பிசிஆர் ஓடிக்கொண்டிருந்த யுபிஎஸ்ஸில் இன்னும் இடம் இருக்கிறதே என்று யாரோ ஒரு சின்ன ஃப்ரீசரை எக்ஸ்டென்ஷன் போர்டு வழியாகச் சேர்த்திருந்தார்கள் (யாரோ என்ன, நான்தான்). 40 சுற்றில் 33 முடிந்திருந்தபோது கம்ப்ரெசர் 'டக்' என்று கிளம்பியது, யுபிஎஸ் விடாமல் ஒரு பீப் அடித்தது, அப்புறம் எல்லாம் இருட்டு. இதில் வேடிக்கை, அன்று கரண்டே போகவில்லை. மோட்டார் கிளம்பும் அந்த ஒரு கணம், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். கருவியில் ஒட்டியிருக்கும் பெயர்ப்பட்டையில் உள்ள எண்ணை மட்டும் பார்த்துக் கூட்டினால் இது தெரியாது. ஆட்டோகிளேவ், ஓவன், லேசர் பிரிண்டர் மாதிரி சூடாக்கும் சாமான்களையும் பட்டியலில் இருந்து அடித்துவிடுங்கள்.

இப்போது கணக்கு. முதல் கட்டக் கருவிகளையும், அவற்றோடு சேர்ந்த கம்ப்யூட்டரையும் மட்டும் எடுங்கள் (கருவிக்கு யுபிஎஸ் போட்டுவிட்டு, தரவு எழுதும் கம்ப்யூட்டரை சுவர் பிளக்கில் விட்ட லேப்களும் உண்டு). பெயர்ப்பட்டையில் 230 வோல்ட், 4 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்கினால் 920 விஏ. இது உச்ச அளவு, நிஜத்தில் பெரும்பாலும் குறைவாகத்தான் இழுக்கும். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் கிடைத்தால் ஒரு முழு ரன் ஓட்டி அதிகபட்சத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிசிஆர் பிளாக் சூடேறும் ஒவ்வொரு முறையும் எண் குதிப்பதைப் பார்க்கலாம், அந்தக் குதித்த எண்தான் நமக்கு வேண்டும். கூட்டுத்தொகைக்கு மேல் 25, 30 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். விஏ (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது) வேறு, வாட் (கருவி நிஜமாகப் பயன்படுத்தும் மின்திறன்) வேறு என்பதையும் மறக்க வேண்டாம்: 1000 விஏ என்று பெரிய எழுத்தில் போட்ட பெட்டி 600 வாட் மட்டுமே தருவதாக இருக்கலாம். இரண்டு எண்ணிலும் உங்கள் லோடு அடங்க வேண்டும்.

எவ்வளவு நேரம் நிற்கும்? 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று உள்ளே இருந்தால் 252 வாட்-மணி. 400 வாட் லோடுக்கு 38 நிமிடம் வரும் என்று கால்குலேட்டர் சொல்லும், நம்பாதீர்கள். அந்த 7 என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கும்போது கிடைக்கும் அளவு. வேகமாக இழுத்தால் கொள்ளளவு சுருங்கும், பேட்டரியின் டிசியை ஏசியாக்கும் இன்வெர்ட்டரும் தன் பங்கைத் தின்னும், 20 நிமிடம் கிடைத்தாலே நல்ல பேட்டரி. இரண்டு மணி நேர ரன்னை இது காப்பாற்றாது. ஜெனரேட்டர் கிளம்பி நிலைக்கு வரும் அரை நிமிடத்துக்குப் பாலம் போடும், அல்லது கருவியை முறையாக அணைக்க அவகாசம் தரும், அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் வெளி பேட்டரி பேங்க் சேர்க்கும் மாடலாகப் பாருங்கள்.

வகையில் குழம்ப வேண்டாம். ஆஃப்லைன், லைன் இன்டராக்டிவ் இரண்டும் பேட்டரிக்கு மாற சில மில்லிநொடி எடுக்கும், ஆன்லைன் வகைக்கு அந்த இடைவெளியே இல்லை, ஏனென்றால் அது எப்போதும் ஏசியை டிசியாக்கித் திரும்ப ஏசியாக்கியே கொடுக்கிறது. முதல் கட்டக் கருவிக்கு ஆன்லைன், சுத்தமான சைன் அலை (லைன் கரண்ட் போலச் சீராக ஏறி இறங்கும் ஏசி) தருவதாக வாங்குங்கள். இதில் சிக்கனம் பார்ப்பது வீண். சூடும் சத்தமும் அதிகம், அதனால் மூலையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் திணிக்காதீர்கள். சுற்று வெப்பம் 25 டிகிரிக்கு மேல் 10 டிகிரி ஏறினால் ஈய அமில பேட்டரியின் ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகும்.

எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். மாட்டியதும் சாம்பிள் இல்லாமல் ஒரு வெற்று ரன் ஓட்டி, நடுவில் கரண்டை நீங்களே நிறுத்துங்கள். பிளக்கைப் பிடுங்கி அல்ல, அப்படிச் செய்தால் எர்த்தும் சேர்ந்து போய்விடும். அந்த லைனின் எம்சிபியை (போர்டில் இருக்கும் பிரேக்கர் சுவிட்ச்) இறக்குங்கள். எத்தனை நிமிடம் நின்றது, கம்ப்யூட்டர் தானாக முறைப்படி அணைந்ததா, ஜெனரேட்டரில் மாறியதும் யுபிஎஸ் அதை ஏற்றுக்கொண்டதா என்று எழுதி, தேதியோடு யுபிஎஸ் மேலேயே ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்தால் நிமிடம் குறைந்துகொண்டே வருவது தெரியும். சாதாரண பேட்டரி மூன்றிலிருந்து ஐந்து வருடம்தான்.

கடைசியாக, யுபிஎஸ்ஸின் பின்பக்கம் காலியாக இருக்கும் சாக்கெட்டுகளில் டேப் ஒட்டி மூடுங்கள். போன் சார்ஜர்தானே என்றுதான் ஆரம்பிக்கும்.